மழை பொய்த்த ஊரிலிருந்து மண் சரியும் மலைக்கு: மலையகத் தமிழரின் குடிபெயர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பருவநிலை மாறுவதால் மக்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கடலில் மூழ்கிவரும் பசிபிக் தீவுகளின் படங்களைத்தான் பார்க்கிறோம். அந்தத் துயரம் உண்மையானது. ஆனால் வறட்சி, கடன், புயல், சட்டம் எல்லாம் சேர்ந்து ஒரு மக்களை இருநூறு ஆண்டுகளாக அங்கும் இங்கும் தள்ளிய வரலாறு நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. அது தமிழ்நாட்டிலிருந்து போய் இலங்கையின் மலைத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்த மலையகத் தமிழரின் வரலாறு. அதைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளை ஓர் இடத்தில் திரட்டிப் பதில் எழுதியிருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

மழை பொய்த்தால் மக்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்களா?

மழை பொய்ப்பது ஊருக்கெல்லாம் பொது. ஊரைவிட்டுப் போவது அப்படியல்ல. கிணறு வைத்திருப்பவர் ஒரு வருஷம் தாங்குவார். குதிரில் நெல் வைத்திருப்பவர் விலை ஏறட்டும் என்று காத்திருப்பார். அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்குபவருக்கோ மழை நின்ற மாதத்திலேயே வேலையும் நின்றுவிடும். ஆகவே மழைக்கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு யார் போவார்கள், எங்கே போவார்கள் என்று சொல்லிவிட முடியாது. நிலம் யார் கையில் இருந்தது, கடன் கொடுத்தது யார், அழைத்துப்போக வந்தது யார், வழியைத் திறந்துவைத்தது யார் என்று கேட்க வேண்டும். மலையகத்தின் கதையில் இந்தக் கேள்விகள் ஒவ்வொரு தலைமுறையிலும் திரும்ப வருகின்றன.

தாது வருஷப் பஞ்சம் எதனால் வந்தது?

1876-இல் சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டு தென்மேற்குப் பருவமழையும் கைவிட்டது. பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்தை மீறிச் சூடாகும் எல் நினோ என்ற நிகழ்வு 1877-இல் மிகக் கடுமையாக இருந்ததே இதற்குப் பெரிய காரணம். பஞ்சம் தாது ஆண்டில் தொடங்கி ஈஸ்வர ஆண்டிலும் நீடித்தது. பெயர் மட்டும் தாதுவோடு ஒட்டிக்கொண்டது.

அந்த வறட்சி மனிதர்கள் எரித்த நிலக்கரியால் வந்ததன்று. கடலும் காற்றும் தம் போக்கில் செய்தது. பஞ்சத்தை அப்படிச் சொல்ல என்னால் முடியாது. புதிதாகப் போட்ட ரயில் பாதைகள் தானியத்தைப் பசித்தவரிடம் கொண்டுபோகவில்லை. விலை அதிகம் கிடைத்த இடத்துக்குக் கொண்டுபோயின. அந்த ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குக் கோதுமை கப்பலேறியது. 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் பெரும் தர்பார் நடத்தினார். அதே வாரங்களில் தென்னிந்தியச் சாலையோரங்களில் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு நேரடியாக உட்பட்ட பகுதிகளில் மட்டும் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு.

அரசு நிவாரணமே கொடுக்கவில்லையா?

கொடுத்தது. கொடுத்த விதம்தான் கொடுமை. செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வரும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று விதித்தார். இன்றைய அளவில் ஏறத்தாழ 450 கிராம். நாள் முழுவதும் மண் வெட்டுகிறவருக்கு இது. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ், இந்த உணவில் உடல் தாங்காது என்று எழுத்தில் எதிர்த்தார். சில மாதங்கள் கழித்து அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் போன உயிர்கள் போய்விட்டன.

இன்னொரு விதியைப் பலர் கவனிப்பதில்லை. உள்ளூரில் இருந்துகொண்டே நிவாரணம் வாங்கக் கூடாது, தொலைவில் உள்ள வேலை முகாமுக்குப் போக வேண்டும் என்றார்கள். உண்மையாகவே பசித்தவர்தானா என்று சோதிக்கும் வழியாம் அது. வறட்சி வெளியேற்றாத குடும்பத்தையும் இந்த விதி வெளியேற்றியது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி இந்தப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். அப்போதைய ஆளுநரின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

பஞ்சத்துக்கு முன்பே தமிழர்கள் சிலோனுக்குப் போகத் தொடங்கிவிட்டார்களே?

ஆம். கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் காப்பித் தோட்டம் தொடங்கிய 1823-ஐத்தான் மலையகத்தார் தங்கள் வருகையின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். அதன் இருநூறாம் ஆண்டு நினைவாக 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் சென்றார்கள்.

காப்பிக் காலத்துப் பயணம் வேறு வகையானது. பெரும்பாலும் ஆண்கள் போவார்கள். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்புவார்கள். பஞ்சம் வந்தபோது கடல் தாண்டுவோர் எண்ணிக்கை பெருமளவு கூடியது; பிள்ளை குட்டிகளோடு போவோரும் அதிகரித்தார்கள். பாதை ஏற்கனவே இருந்ததால்தான் பஞ்சம் அவர்களை அந்தப் பக்கம் தள்ளியது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றும் எந்தப் புயலுக்குப் பின்னாலும் மக்கள் ஏற்கனவே உறவினர் ஒருவர் போய்ச் சேர்ந்த ஊருக்குத்தான் போகிறார்கள்.

யார் போனார்கள்? யாரால் போக முடியவில்லை?

திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், தஞ்சாவூர், சேலம் பக்கங்களிலிருந்து போனார்கள். பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர், நிலமில்லாதவர்கள், பண்ணையாட்கள். மழை பெய்த ஆண்டிலேயே அரைவயிறு உண்டவர்கள். மிராசுதாரிடம் பட்ட கடனுக்குப் பரம்பரையாக உழைத்தவர்களுக்கு, கடல் தாண்டிய கூலி வேலை ஒரு விடுதலையாகவும் தெரிந்திருக்கும். அதை மறைத்து எழுதுவது அவர்களை வெறும் பலியாடுகளாக்கிவிடும். அவர்களும் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கிளம்பினார்கள்.

ஆனால் கிளம்பவும் கொஞ்சம் தெம்பு வேண்டும், முன்பணம் தரக்கூடிய ஆள் வேண்டும். முதியவர்கள், நோயாளிகள், கைக்குழந்தையோடு தனியே நின்ற பெண்கள் ஆகியோரைத் தோட்டத்துக்கு ஆள் திரட்டும் கங்காணி அழைக்கமாட்டார். பஞ்சத்தின் பெருஞ்சாவு ஊரைவிட்டுப் போனவர்களிடையே நிகழவில்லை. போக வழியில்லாதவர்களிடையே நிகழ்ந்தது. இன்றைய ஆய்வாளர்கள் ‘சிக்கிக்கொண்ட மக்கள்’ என்று புதிதாகப் பெயரிட்டுப் பேசுவது இவர்களைப் பற்றித்தான்.

எந்த வழியாகப் போனார்கள்?

இராமேசுவரம், தொண்டி போன்ற துறைகளிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்குப் போவார்கள். அங்கிருந்து வறண்ட காட்டினூடே நடை. தம்புள்ளை வழியாக மாத்தளை சேர ஏறத்தாழ 240 கிலோமீட்டர். தண்ணீர் அரிது. மலேரியாவும் காலராவும் வயிற்றுப்போக்கும் வழிநெடுகக் காத்திருந்தன. நடக்க முடியாமல் விழுந்தவரை விட்டுவிட்டுத்தான் கூட்டம் நகர வேண்டியிருந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கிய பிறகு அந்த நடைக்குத் தேவை இருக்கவில்லை. அதற்குப் பதிலாக இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் தொழிலாளர்களைத் தடுத்துவைத்து நோய் சோதிக்கும் முகாம் வந்தது. அந்த முகாமைப் பற்றி இன்னொரு முறை பேச வேண்டியிருக்கும்.

கங்காணி முறை என்றால் என்ன? துண்டு என்கிறார்களே, அது எது?

கங்காணி பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சில சமயம் சொந்தக்காரரே. தோட்டத்துத் துரையிடம் பணம் வாங்கிவந்து, ஊரில் முன்பணம் கொடுத்து, ஆட்களைத் திரட்டி அழைத்துப்போவார். வழிச்செலவு, சோறு, துணி எல்லாம் அந்த ஆளின் கணக்கில் கடனாக ஏறும். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசை காட்டினார்கள் என மலையகத்தில் இன்றும் சொல்வார்கள்.

துண்டு என்பது ஒரு சீட்டு. இந்த ஆளுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டுகிற தோட்டம் இவரை எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருக்கும். கடனோடு சேர்த்து ஆளையும் கைமாற்றிக்கொண்டார்கள். 1921-இல் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். பஞ்சம் இரண்டு ஆண்டுகளில் முடிந்தது. பஞ்சத்தில் வாங்கிய முன்பணம் தலைமுறைகளைத் தாண்டி வந்தது. நெருக்கடியில் ஊரைவிட்டுப் போவோர் பற்றி ஒரே ஒரு செய்தியை நினைவில் வைக்க விரும்பினால் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

மழை திரும்பிய பிறகு ஏன் அவர்கள் ஊருக்குத் திரும்பவில்லை?

இதற்குப் பதில் ஓர் இலைநோய். 1869-இல் இலங்கைக் காப்பிச் செடிகளில் துரு நோய் தென்பட்டது. பூஞ்சையால் வரும் நோய். இலையின் அடிப்புறம் ஆரஞ்சு நிறப் பொடி பூத்து இலை உதிர்ந்துவிடும். 1880-களில் காப்பித் தொழிலே படுத்தது. ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867-இல் லூல்கந்துரவில் பயிரிட்டுப் பார்த்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

காப்பிக்குச் சில மாதங்கள் ஆள் வந்தால் போதும். தேயிலைக் கொழுந்தோ வாரந்தோறும், வருஷம் முழுவதும் பறிக்கப்பட வேண்டும். அதற்குப் பெண்கள்தாம் வேண்டும் என்று தோட்டங்கள் முடிவு செய்தன. எனவே குடும்பத்தோடு நிலைத்திருக்கும் மக்கள் தேவைப்பட்டார்கள். அவர்களை வைக்க வரிசை வரிசையாக லயங்கள் எனும் குடியிருப்புகளைக் கட்டினார்கள். பருவத்துக்கு வந்துபோனவர்களை ஒரு பூஞ்சை நிரந்தரக் குடிகளாக்கிவிட்டது.

அதே எல் நினோவால் வேறு நாடுகளிலும் மக்கள் இடம்பெயர்ந்தார்களா?

பெயர்ந்தார்கள். வட சீனாவில் பெரும் பஞ்சம். பிரேசிலின் வடகிழக்கில் உள்ள சியாரா மாநிலத்தில் 1877 முதல் 1879 வரை மழையே இல்லை. அங்கிருந்து பெருங்கூட்டம் அமேசான் காட்டுக்கு ரப்பர்ப் பால் எடுக்கப் போனது. அங்கேயும் வழிச்செலவு கடனாக ஏறியது, கடன் தீராமல் வேலை நீண்டது. புதுக்கோட்டைக்காரரும் சியாராக்காரரும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டதே இல்லை. ஒரே கடலின் சூடு இருவரையும் தோட்டத்துத் துரையிடமும் ரப்பர் முதலாளியிடமும் கொண்டுபோய் விட்டது.

குடியுரிமைச் சட்டத்துக்கும் காலநிலைக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் இதை விட்டுவிட்டால் பின்னால் வரும் மண்சரிவுகள் புரியாது.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பான்மையோர் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரை எண்ணி வைத்துக்கொண்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதியைப் பிறகு பார்ப்பது என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு என்று குடும்பங்கள் உடைந்தன. எஞ்சியிருந்தவர்களின் சிக்கலைத் தீர்க்க 2003 வரை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கு இல்லை, அரசு காணி இல்லை. 1935-க்குப் பின் இலங்கை அரசு காணியற்றோருக்கு நிலம் பகிர்ந்தளித்த பல பத்தாண்டுகளிலும் இவர்கள் வரிசையிலேயே நிற்க முடியவில்லை. எந்த மலைச்சரிவில் வாழ்வது என்பதைத் தாங்களே முடிவு செய்ய முடியாமல் போனதன் வேர் இங்கே இருக்கிறது.

தனுஷ்கோடி அழிந்ததற்கும் இவர்கள் கதைக்கும் தொடர்பு உண்டா?

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகள் ரயில் ஒன்று கடலுக்குள் போனது. ஊர் வாழத் தகுதியற்றதாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு கப்பல் இராமேசுவரத்திலிருந்தே ஓடியது. ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள், தாத்தா பாட்டிமார் கப்பலேறிய துறை இல்லாமல்போன கரையில் வந்து இறங்கினார்கள்.

இலங்கைக்குள்ளேயே அவர்கள் இடம்பெயரவில்லையா?

1973–74-இல் உலகெங்கும் தானிய விலை ஏறியது, இலங்கையில் உணவுப் பங்கீடு குறைந்தது. காணியும் வீட்டுத் தோட்டமும் இல்லாத, பங்கீட்டு மாவையே நம்பியிருந்த தோட்ட மக்களிடையே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977-இல் இன வன்முறை. பலர் மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு திருத்திக் குடியேறினார்கள். அந்த நிலம் பிறகு போர்க்களமாயிற்று. வன்னியில் 2009 வரை அலைந்து முகாம்களில் அடைபட்டவர்களில் மலையகத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்களில் இன்றும் வாழ்வோரில் கணிசமானோர் இந்த வழியாக வந்தவர்களே. இத்தனைக்கும் அவர்கள் கொள்ளுப்பாட்டனின் ஊர் முகாமிலிருந்து ஒரு பஸ் பயண தூரத்தில் இருக்கக்கூடும்.

தாயகம் திரும்பியவர்கள் எங்கே போனார்கள்?

பலர் நீலகிரிக்கு. தேயிலை தெரிந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு வேலை தரவென்றே 1968-இல் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கத் தொடங்கியது. டேன்டீ என்ற பெயரில் அது பின்னர் தனி நிறுவனமானது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கங்களில் இவர்களைச் ‘சிலோன்காரர்’ என்பார்கள். இலங்கையில் இருந்தபோது ‘இந்தியக்காரர்’, ‘கள்ளத்தோணி’ என்று ஏசப்பட்டவர்கள் இவர்கள். சமவெளியில் சிறு கடன் கொடுத்துக் கடை வைத்துக்கொள்ளுங்கள் என்று விடப்பட்ட குடும்பங்கள் பல, அது சரிப்படாமல் மறுபடி மலையேறின. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பேய்மழையில் நிலச்சரிவுகள் ஏற்பட்டு 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலை மாறியது, சரிவு மாறவில்லை.

லயங்கள் மட்டும் ஏன் அடிக்கடி மண்ணில் புதைகின்றன?

முதலில் லயம் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவில் ஒரு காம்பரா, அதாவது அறை; முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதாவது திண்ணை. இப்படி வரிசையாகப் பத்தோ இருபதோ. சில இடங்களில் முதுகுக்கு முதுகாக இரட்டை வரிசை. நூறாண்டு கடந்த கட்டடங்கள் பல இன்றும் குடியிருப்பாக உள்ளன. இடத்தைத் தேர்ந்தவர் துரை. நல்ல மேட்டு நிலத்தில் பங்களா. தேயிலை நடத் தோதான சரிவில் தேயிலை. எஞ்சிய இடுக்கில், ஓடையோரம், சரிவின் அடிவாரத்தில் லயம்.

அடுத்து மண். மலையின் இயற்கைக் காட்டை வெட்டிக் காப்பி நட்டபோதே ஆழ வேர்கள் போய்விட்டன. மழைநீர் மண்ணுக்குள் தேங்காமல் வடியத் தோட்டங்களில் கான் வெட்டுவார்கள். வருஷாவருஷம் தூர் எடுத்தால்தான் அது கான். இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கும் குழி. கைவிடப்பட்ட தேயிலை நிலங்களில் கான்கள் தூர்ந்துபோய், நீர் உள்ளே இறங்கி, பழைய சரிவுகளில் குவிந்துகிடந்த தளர்ந்த மண்ணை நனைத்துக் கனக்க வைக்கிறது.

இதன்மேல்தான் இன்றைய மழை விழுகிறது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். ஒரு மாதம் பெய்ய வேண்டியது ஓரிரு நாளில் கொட்டிவிடுவது அதனால் எளிதாகிறது.

2014 அக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கிவந்து லயங்களை மூடியது. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. கடலுக்கு இந்தப் பக்கம், மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு லயங்களின் மேல் மண் சரிந்து 70 பேர் இறந்தார்கள். கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் தேயிலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் அவை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைக் கடந்தபோது 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலை மாவட்டங்களின் மண்சரிவுகளே அதில் பெரும்பங்கு உயிர்களைப் பறித்தன.

இவை அனைத்தையும் இயற்கைச் சீற்றம் என்று எழுதிவிட்டு நகர்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மழை வானத்திலிருந்து வந்தது. அந்த அடிவாரத்தில் அந்தக் குடும்பத்தை வைத்தது வானம் இல்லை.

ஆபத்து என்று தெரிந்தும் அவர்கள் ஏன் அங்கிருந்து போவதில்லை?

இந்தக் கேள்வியைப் பலர் குற்றஞ்சாட்டும் தொனியில் கேட்கிறார்கள். எங்கே போவது என்று முதலில் சொல்ல வேண்டும். வீடு வேலையோடு கட்டப்பட்டது. குடும்பத்தில் ஒருவராவது பேர் பதிந்து வேலை செய்தால்தான் காம்பரா கையில் இருக்கும். தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம். 1970-களில் நாட்டுடைமையாகி, 1992 முதல் நிர்வாகம் கம்பெனிகளுக்குக் குத்தகையில் போனது. அதில் ஒரு துண்டை விடுவிக்க அமைச்சு, கம்பெனி, கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்று பல கையெழுத்துகள் வேண்டும். எச்சரிக்கை வந்தால் பள்ளிக்கூடத்தில் சில நாள் தங்குவார்கள். மழை விட்டதும் அதே லயத்துக்குத் திரும்புவார்கள். அடுத்த நாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை.

காணி கொடுக்கிறார்கள், வீடு கட்டுகிறார்கள் என்று செய்தி வருகிறதே?

வருகிறது, நடந்தும் இருக்கிறது. இந்திய உதவியில் மலையகத்துக்கு 14,000 வீடுகள் என்ற திட்டம் படிப்படியாக நடக்கிறது. ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி, அதாவது சுமார் 1,900 சதுர அடி. உறுதிப்பத்திரத்தோடு கிடைத்தவர்கள் அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைப்பதில் வியப்பில்லை. ஆனால் தேவையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. 2012 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவழித் தமிழர் என்று பதிந்தவர்கள் மட்டும் 8.39 லட்சம் பேர். பாதுகாப்பான நிலத்தில், சொந்தப் பெயரில் காணி என்பதே இங்கே எந்தப் புயல் எச்சரிக்கைக் கருவியையும்விடப் பெரிய பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து.

2022 நெருக்கடி என்ன செய்தது?

2021-இல் இரசாயன உரத்துக்குத் திடீர்த் தடை. தேயிலை விளைச்சல் ஆண்டுக்குச் சுமார் 30 கோடி கிலோவிலிருந்து 2022-இல் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. அந்நியச் செலாவணி வற்றி, விலைவாசி கைமீறியது. அந்த ஓர் ஆண்டில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வேலை தேடி வெளிநாடு போனார்கள். தோட்டத்து இளைஞர்கள் கொழும்பில் கடைகளுக்கும், பெண்கள் வளைகுடா நாடுகளில் வீட்டு வேலைக்கும் போவது முன்பே இருந்த வழக்கம். அது இன்னும் கூடியது.

2022 மார்ச் 22 அன்று வட இலங்கையிலிருந்து 16 பேர் தோணிகளில் இராமேசுவரம் பக்கம் வந்து இறங்கினார்கள். பசியால் வந்தோம் என்றார்கள். அவர்களைத் தங்க வைத்த இடம் மண்டபம் முகாம். பஞ்சம் பிழைக்கச் சிலோனுக்குப் போனவர்களை நிறுத்திவைத்த அதே முகாம்.

புயலால், வறட்சியால் நாடு கடந்தவரை அகதி என்று சட்டம் ஏற்குமா?

பொதுவாக ஏற்காது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசிய இனம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றால் துன்புறுத்தப்படுவோரை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. இந்தியா அதில் கையெழுத்திடவும் இல்லை. கிரிபட்டித் தீவைச் சேர்ந்த ஒருவர் நியூசிலாந்தில் அடைக்கலம் கேட்டுத் தோற்ற வழக்கில், ஐ.நா. மனித உரிமைக் குழு 2020-இல் வெளியிட்ட முடிவு அவருக்குச் சாதகமாக இல்லை. ஆனால் காலநிலையால் உயிருக்கு ஆபத்து உள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாத நிலை வரலாம் என்று கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. துவாலு மக்களில் ஆண்டுக்கு 280 பேரை ஏற்க ஆஸ்திரேலியா செய்த ஒப்பந்தம் 2024-இல் நடைமுறைக்கு வந்தது. இருக்கும் சில கதவுகள் இவ்வளவுதான்.

கோடிக்கணக்கானோர் நாடு விட்டு நாடு வருவார்கள் என்கிறார்களே?

அந்தப் பயமுறுத்தலை நம்ப வேண்டாம். உலக வங்கியின் 2021 அறிக்கை 2050-க்குள் 21.6 கோடி பேர்வரை இடம்பெயரலாம் என்றது. அது சொந்த நாட்டுக்குள்ளேயே நடக்கும் இடப்பெயர்வு பற்றிய கணக்கு. இப்போதே நடவடிக்கை எடுத்தால் அதில் 80 சதவீதம்வரை குறைக்கலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. பேரிடர்களால் நாட்டுக்குள் நிகழ்ந்த இடப்பெயர்வுகள் 2024-இல் மட்டும் 4.58 கோடி. பெரும்பாலோர் போவது பக்கத்து ஊருக்கோ பக்கத்து நகரத்துக்கோதான்.

எங்கள் முன்னோர் எந்த ஊரிலிருந்து சிலோனுக்குப் போனார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பலருக்கு முடிந்திருக்கிறது. வீட்டில் மூத்தவர்களிடம் குலதெய்வத்தின் பெயரைக் கேளுங்கள். ஊரின் பெயரை மறந்த குடும்பங்களும் அதை மறப்பதில்லை. தோட்டத்தில் புதிதாகத் தோன்றிய சாமிகளும் உண்டு. தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கும் ரோதமுனியும் செடி வெட்டும் காலத்துக் கவ்வாத்துச்சாமியும் ஊர் காட்டமாட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வைத்து வணங்கும் பழைய தெய்வத்தை விசாரியுங்கள். தாயகம் திரும்பிய குடும்பமானால் பழைய பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் தேடி எடுங்கள். பூர்வீக ஊர் அதில் பதிவாகியிருக்கலாம். மாவட்டப் பெயரில் ஒரு கவனம் வேண்டும். அந்தக் காலத் திருச்சி மாவட்டம் என்றால் இன்றைய கரூர், பெரம்பலூர், அரியலூரிலும் புதுக்கோட்டையின் ஒரு பகுதியிலும் சேர்த்துத் தேட வேண்டும்.